முந்நூறு மடக்குக் கத்திகளுக்கு நான் எழுதிய நற்சான்று

எங்கள் சங்கத்தில் இப்போது கிடங்குக் காப்பாளராக இருப்பவர் கதிரவன். முப்பத்தோரு வருஷம் நான் பார்த்த வேலை. போன மாதம் அவர் என் கைபேசிக்கு ஒரு மடக்குக் கத்தியின் படத்தை அனுப்பி, "மேடம், இது நல்ல கத்தியா?" என்று கேட்டிருந்தார். கொள்முதல் எல்லாம் இப்போது கணினியில் நடக்கிறதாம். கத்திக்குக் கீழே நாலரை நட்சத்திரம் போட்டிருந்தது. வாங்கிய ஒருவர், "சொன்ன நாளுக்கு முன்பே வந்துவிட்டது, நன்றி" என்று எழுதியிருந்தார். அது கொண்டுவந்து கொடுத்தவருடைய பெருமை. கத்திக்கு அதில் என்ன பங்கு என்று எனக்கு விளங்கவில்லை.

படத்தைப் பார்த்துக் கத்தியைச் சொல்வது, படத்தைப் பார்த்துக் குழம்பில் உப்பு சொல்கிற மாதிரிதான் என்று பதில் அனுப்பினேன். "அப்ப எப்படிப் பார்க்கணும்னு எழுதிக் குடுங்க மேடம்" என்றார். சரி, எழுதுகிறேன். ஆனால் கத்தியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் மாணிக்கத்தைப் பற்றியும் எழுதியாக வேண்டும். அதனால் கதிரவன் கேட்டதைவிட இது கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

என் பெயர் புனிதவல்லி. ஊர் கள்ளக்குறிச்சி. கல்வராயன் மலை மக்களுக்கென்று இருந்த ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. மலையிலிருந்து கடுக்காய், புளி, தேன் எல்லாம் சங்கம் வாங்கும். மலைக்கு வேண்டிய சாமான்களைக் கொடுக்கும். தட்டச்சர் வேலை என்று எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்து கார்டு வந்து போனேன். போனால் சங்கத்தில் தட்டச்சு இயந்திரமே இல்லை. "மிஷின் வர்ற வரைக்கும் கிடங்கைப் பாருங்க" என்றார்கள். மிஷின் வரவேயில்லை என்று பழி சொல்ல மாட்டேன், ஒன்பதாவது வருஷம் வந்தது.

வருஷத்துக்கு ஒரு தரம் உறுப்பினர் குடும்பத்துக்கு ஒரு மடக்குக் கத்தி. மலைப் பெண்களுக்கு இடுப்பில் கத்தி இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. கொடி அறுக்க, மூங்கில் சீவ, கிழங்குக்குத் தோல் எடுக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். இடுப்பில் குழந்தையும் வைத்துக்கொண்டு மேடேறுகிறவர்களுக்கு மடங்குகிற கத்திதான் சரி. சங்கத்தின் விதி இரண்டே இரண்டு. கத்தி உள்நாட்டுத் தயாரிப்பாக இருக்க வேண்டும், விலை மலிவாக இருக்க வேண்டும். அறுக்க வேண்டும் என்று விதியில் எங்கேயும் இல்லை.

முதல் வருஷம், வடக்கே ஏதோ ஊரிலிருந்து வந்த கத்திகளை நான் பார்த்துத் தேர்ந்தேன். பளபளவென்று இருந்தன. வீட்டில் அரிவாள்மனையைத் தவிர வேறெதையும் கையில் எடுத்திராத எனக்கு, பளபளப்புதான் தரம் என்று பட்டது. இரண்டு மாதம் கழித்து வெள்ளிமலையில் உறுப்பினர் கூட்டம். முன்வரிசையில் பொன்னம்மா என்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும்.

"கத்தி எப்படி இருக்குது?" என்று கேட்டேன், பாராட்டை எதிர்பார்த்து.

"நல்லா இருக்குதுங்கம்மா. பொட்டு வெச்சிக்கத் தோதா இருக்குது" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து விரித்து, அலகில் முகத்தைப் பார்த்து, பொட்டைச் சரிசெய்து காட்டினாள். "மூஞ்சி நல்லா தெரியுது. வேற இன்னா கேட்டாலும் செய்ய மாட்டேங்குது." கூட்டமே சிரித்தது. என்னோடு வந்திருந்த செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்து குறித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். சாணை பிடிப்பவர், செருப்புத் தைப்பவர், கசாப்புக் கடைக்காரர் என்று கத்தியோடு பிழைக்கிற எல்லாரிடமும் ஒரு வருஷம் போய் நின்று பார்த்தேன். என்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடம், "பொண்ணு தெனம் கசாப்புக் கடையில நிக்குது" என்று யாரோ போய்ச் சொல்லி, அந்தச் சம்பந்தம் தட்டிப்போனது. வந்த மாப்பிள்ளையின் போட்டோவைப் பின்னால் பார்த்தபோது எனக்கு ஒன்றும் வருத்தமாக இல்லை.

கதிரவன், கவனமாகக் கேளுங்கள். மூட்டையின் மேல்பக்கம் இருக்கிற கத்தியைத் தொடாதீர்கள். அனுப்புகிறவன் நல்லதை மேலேதான் வைப்பான். அடியிலும் நடுவிலும் கையை விட்டு நூற்றுக்குப் பத்து எடுங்கள். கட்டைவிரல் நகத்தை அலகின் பள்ளத்தில் கொடுத்துத் திறந்தால் நகம் கொஞ்சம் வலிக்க வேண்டும், ஆனால் உடையக் கூடாது. வலிக்காமல் திறந்தால் இடுப்பிலும் தானாகத் திறந்துகொள்ளும். திறந்த அலகை இரண்டு விரலால் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டிப் பாருங்கள், தலையாட்டினால் ஆணி சரியில்லை. வெயிலுக்கு எதிரே பிடித்தால் அலகுக்கும் பிடிக்கும் நடுவே வெளிச்சம் வரக் கூடாது. விளிம்பை நகத்தின்மேல் வைத்து லேசாக இழுத்தால் சறுக்கக் கூடாது, பற்ற வேண்டும். புளிக்கரைசலில் ஒரு நாள் ஊறவைத்தால் நல்ல இரும்பு கறுத்துவிடும். கறுத்தது கெட்டுப்போனது என்று நினைத்துத்தான் நான் இரண்டாம் வருஷம் நல்ல கத்திகளைத் திருப்பி அனுப்பினேன். பிறகு தேங்காய்நார்க் கயிற்றில் ஐம்பது வெட்டு, அதற்குப் பிறகும் செய்தித்தாளைக் கிழிக்காமல் அறுக்க வேண்டும். இவை ஆறு. ஏழாவது, திறந்த அலகின் முதுகை அழுத்திப் பார்ப்பது. எவ்வளவு அழுத்தத்தில் அது மடங்கிப் பிடித்தவர் விரலில் விழுகிறது என்று தெரிந்துகொள்ள. என் கதை இந்த ஏழாவதில்தான் மாட்டிக்கொண்டது.

இப்போது செயலாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோதண்டபாணி சார். குரல் உயர்த்தி நான் கேட்டதேயில்லை. கடைநிலை ஊழியரிலிருந்து வாசலில் படுத்திருக்கும் நாய் வரைக்கும் எல்லாருக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். "கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்று அந்த நாயிடம் அவர் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். அவருக்குத் தெரிந்த ஒரே மந்திரம் "எழுதுங்க." கிடங்கில் எலி என்று போய்ச் சொன்னால், எழுதுங்க. எலியைப் பிடித்தாயிற்று என்றால், அதையும் எழுதுங்க. கையெழுத்துக்குத் தாளை நீட்டினால் பேனா மூடியைக் கழற்றுவார், படிப்பார், ஆனால் பேனாவைத் தாளில் வைக்க மாட்டார். சும்மா நம்மைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த மௌனம் தாங்காமல் ஆட்கள் கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிடுவார்கள். வீட்டில் மாமியாரோடு சண்டை என்பது வரை சொல்லிவிட்டுப் போனவர்கள் உண்டு.

கத்தி வாங்கும் படிவத்தில் 'தரம் பற்றிய குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கும். எல்லாரும் அதில் 'திருப்தி' என்று ஒரு வார்த்தை எழுதுவார்கள். நான் அரைப் பக்கம் எழுதுவேன். இவர் எழுதச் சொல்கிறாரே என்ற கோபத்தில் ஆரம்பித்து, பிறகு எனக்கே அதில் ஒரு ருசி வந்துவிட்டது.

மூன்றாம் வருஷம் நைனார்பாளையம் பக்கம் ஒரு சின்னப் பட்டறையிலிருந்து முந்நூறு கத்தி வந்தது. லாரி வில்பட்டை இரும்பில் அடித்த அலகு. பார்க்க லட்சணமே கிடையாது, ஆனால் எடுத்து ஒரு கயிற்றில் வைத்தால் கயிறு அறுபட்டது கயிற்றுக்கே தெரியாது. முந்நூறையும் ஒவ்வொன்றாகத் திறந்து ஆட்டிப் பார்த்து, பத்தொன்பதைக் கழித்துத் திருப்பி அனுப்பி, பதிலுக்கு வேறு வாங்கினேன். ஆறு சோதனையிலும் தேறிய கத்தி, ஏழாவதில் தோற்றது. முதுகுப்பக்கத்து வில் இளகல். ஒரு அளவுக்கு மேல் அழுத்தினால் மடங்கிவிடும். அதை எழுதினால் செயலாளர் மறுபடியும் அந்த வடக்கத்திப் பொட்டுக் கண்ணாடியைத்தான் வாங்குவார் என்று பயந்தேன். ஆறு சோதனையின் பலனை மட்டும் எழுதினேன். பொய் ஒன்றும் எழுதவில்லை என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். எழுதியது இதுதான்:

"கூர்மை மிகச் சிறப்பு. கட்டைவிரல் பருமன் கயிறு ஒரே இழுப்பில் அறுந்தது. வியர்த்த கையிலும் பிடி வழுக்காது. ஒரு கையாலேயே சட்டென்று திறக்கலாம். இடுப்பில் செருகினால் வெளியே தெரியாது. இந்த விலைக்கு இதைவிடச் சிறந்த கத்தி உள்நாட்டில் கிடைக்காது."

ஒரு கை என்று எழுதியது, இன்னொரு கை கிளையைப் பிடித்திருக்கும் என்பதால். வெளியே தெரியாது என்றது, புதரில் மாட்டாது என்பதற்காக. இதைக் காவல்துறையும் படிக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அப்போது இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். சாலை மறியல் என்று ஆரம்பித்தால் ஊருக்கு ஊர் புளியமரம் ரோட்டில் கிடக்கும், பஸ் நின்றுவிடும். எங்கள் வீட்டிலேயே கேட்பது நியாயம் என்று பாதிப் பேர், ரோட்டை மறிப்பது அநியாயம் என்று பாதிப் பேர். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் சமரசம். மறியல் அறிவித்ததும் செயலாளர் ஒரு சுற்றறிக்கை விட்டார். மறியல் முடியும்வரை கிடங்கிலிருந்து ஒரு பொருளும் வெளியே போகக் கூடாது. படித்து நான் கையெழுத்தும் போட்டேன்.

ஆனால் கடுக்காய் சீசன் வந்துவிட்டது. இந்த வருஷமாவது நல்ல கத்தி மலைப் பெண்கள் கைக்குப் போக வேண்டும், பொன்னம்மா என்ன சொல்கிறாள் என்று கேட்க வேண்டும் என்று எனக்கு ஒரே தவிப்பு. மாணிக்கத்தைக் கூப்பிட்டேன். எங்கள் சங்கத்தின் உதவியாளர். முப்பத்தைந்து வயது. கருணாபுரத்தில் வீடு. பதினோரு வருஷமாகத் தினக்கூலி. அந்த வருஷம் அவரை நிரந்தரமாக்கும் பட்டியலில் பெயர் போயிருந்தது. வீட்டில் மூன்று பிள்ளைகள், எல்லாரும் அந்த ஒரு ஆணைக்குத்தான் காத்திருந்தார்கள்.

"மறியல் சங்கராபுரம் ரோட்டுலதான். கச்சிராயபாளையம் ரோடு சும்மாதான் கெடக்குது. சைக்கிள்ல கொண்டுபோய் மலை ஜீப்புல ஏத்திட்டு வந்துடுங்க" என்றேன்.

"செயலாளர் சார் வாணாம்னு எழுதியிருக்கார்ங்களே மேடம்."

"கத்தி சீசனுக்கு முன்னாடி போவலன்னா அப்புறம் எதுக்கு?"

மாணிக்கம் சைக்கிளை எடுத்துவந்தார். மூட்டைக்குள் என் நற்சான்றின் நகலையும் வைத்துக் கட்டினேன். வெள்ளிமலைக் கிளையில் எல்லாரும் படிக்கட்டும் என்ற ஆசை.

மதியம் மூன்று மணிக்கு ஆபீசுக்குப் போன் வந்தது. முந்நூறு கத்தியோடு ஒரு ஆளைப் பிடித்து வைத்திருக்கிறோம், உங்கள் ஆளா என்று கேட்டார்கள். செயலாளர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வாங்க, போலாம்" என்றார்.

கடைகளெல்லாம் அடைத்திருந்த தெருவில் இரண்டு பேரும் நடந்தே ஸ்டேஷனுக்குப் போனோம். மாணிக்கம் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். முழங்கையில் சிராய்ப்பு. என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். இன்ஸ்பெக்டர் தென்மாவட்டத்துக்காரர், வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பக்கத்தில் நின்ற ஏட்டு நம்ம பக்கத்து ஆள்.

நடந்ததை ஏட்டு சொன்னார். கச்சிராயபாளையம் ரோட்டிலும் மரம் விழுந்திருக்கிறது. மறியல்காரர்கள் மாணிக்கத்தை நிறுத்தி, சாயந்தரம் விடுகிறோம் என்று தண்ணீர் கொடுத்து நிழலில் உட்கார வைத்திருக்கிறார்கள். போலீஸ் வண்டி வந்ததும் எல்லாரும் கரும்புத் தோட்டத்துக்குள் ஓடிவிட்டார்கள்.

"இந்த ஆளு மட்டும் ஓடல சார். மூட்டையக் கட்டிப்புடிச்சிகினு கெடந்தாரு. இழுத்தாலும் வரல."

"யார் கொண்டுபோகச் சொன்னது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"யாரும் சொல்லலீங்க சார். நானாத்தான் எடுத்துகினு போனேன்" என்றார் மாணிக்கம்.

நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுத இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. செயலாளர் பக்கத்தில் நிற்கிறார், சுற்றறிக்கையில் என் கையெழுத்து இருக்கிறது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

இன்ஸ்பெக்டர் ஒரு தாளை எடுத்தார். என் நற்சான்று. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "ஒரு கையாலேயே சட்டென்று திறக்கலாம்." என்னைப் பார்த்தார். "இடுப்பில் செருகினால் வெளியே தெரியாது." மறுபடியும் பார்த்தார். "நீங்கதானே எழுதுனது?"

"ஆமாங்க சார். மலையில பொம்பளைங்க கொடி அறுக்கறதுக்கு."

"நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா ஊரு இருக்கிற இருப்புல, இப்படி முந்நூறு கத்தி ரோட்டுல போகுதுன்னா நான் என்னன்னு எழுதட்டும்? இது ஆயுதம் இல்லேன்னு காட்டுங்க, ஆளை விட்டுர்றேன்."

கேஸ் என்று ஒன்று விழுந்தால் மாணிக்கத்தின் நிரந்தரம் அதோடு போயிற்று. இருக்கிறதிலேயே மோசமான கத்தியை எடுத்துக் காட்டுகிறேன் என்று மூட்டைக்குள் கையை விட்டேன். அப்போதுதான் நினைவு வந்தது, மோசமானது பத்தொன்பதையும் நானே பொறுக்கித் திருப்பி அனுப்பியிருந்தேன். அரை மணி நேரம் தேடியும் ஒரு கத்திகூடத் தலையாட்டவில்லை. என் வேலையில் நான் அவ்வளவு சுத்தமாக இருந்ததற்காக வருத்தப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

ஏதோ ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தேன். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று எங்கள் பக்கம் கீழே வைத்துத்தான் கொடுப்போம். ஏட்டும் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மேஜைமேலேயே வைத்தார். இன்ஸ்பெக்டர், "ஏன் ஆளாளுக்குக் கீழ வைக்கிறீங்க, அவ்வளவு ஆபத்தானதா?" என்றார். அதுவும் எங்களுக்கு எதிராகப் போனது.

பிறகு, ஸ்டேஷனில் பிடித்து வைத்திருந்த ஒரு மாட்டின் தாம்புக்கயிற்றை, மாட்டோடு சேர்த்தே ஏட்டு வாசல்வரை இழுத்துவந்தார். மனசில்லாமல், கையில் பலமே கொடுக்காமல் இழுத்தேன். கயிறு இரண்டாகிவிட்டது. மாடு தெருப்பக்கம் நடக்க ஆரம்பித்தது, ஒருவர் ஓடிப்போய்ப் பிடித்தார். இன்ஸ்பெக்டர் கத்தியை வாங்கித் தன் பென்சிலைச் சீவினார். சுருள் சுருளாக வந்தது. முகமே மலர்ந்துவிட்டது.

"ஏட்டய்யா, இது எங்க கிடைக்கும்?"

மூலையிலிருந்து மாணிக்கத்தின் குரல் வந்தது. "எங்க மேடம் பார்த்து எடுத்தா தப்பாதுங்க சார். மூட்டை கட்டும்போது சும்மா பட்டுச்சி, என் வேட்டியே கிழிஞ்சிபோச்சி."

"மாணிக்கம், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் செயலாளர், மெதுவாக.

இன்ஸ்பெக்டர் தாளை இழுத்து எழுத உட்கார்ந்தார். செயலாளர் தன் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். எழுதுவதற்கு அவர் முன்னால் ஒரு தாளும் இல்லை. சும்மா திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். சுவரில் பல்லி கத்தியது. நான் எவ்வளவு நேரம் தாங்கினேன் என்று தெரியவில்லை.

"சார், ஏழாவதா ஒரு சோதனை இருக்குது. அத நான் எழுதல" என்றேன்.

கத்தியை முழுக்கத் திறந்து, குத்துகிற மாதிரி பிடித்து, மேஜையில் இருந்த தடித்த கேஸ் கட்டின்மேல் ஓங்கிக் குத்தினேன். முனை அட்டையில் பட்டு நின்றது. அலகு மடங்கி என் ஆள்காட்டி விரலில் இறங்கியது. வலிக்குமென்று தெரிந்துதான் செய்தேன், ஆனால் அவ்வளவு வலிக்குமென்று தெரியாது. கூர்மை மிகச் சிறப்பு என்று எழுதியது நான்தானே. ஏட்டு ஓடிப்போய் டீக்கடைக்காரர் வீட்டிலிருந்து காப்பித்தூள் வாங்கிவந்து அப்பினார்.

இன்ஸ்பெக்டர் கேஸ் கட்டைத் தடவிப் பார்த்தார். அட்டையில் ஒரு சின்னக் கீறல். என் விரலைப் பார்த்தார். பிறகு ஸ்டேஷனே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

"குத்துறவனுக்கு ஆஸ்பத்திரி, குத்து வாங்குறவனுக்குச் சட்டையில ஒரு கோடு. இதை வெச்சு எவனும் ஒண்ணும் பண்ண முடியாதும்மா. கூட்டிட்டுப் போங்க."

கேஸ் போடவில்லை. ஆனால் நாட்குறிப்பில் ஒரு வரி எழுதியே ஆக வேண்டும் என்றார். மறியல் நடந்த இடத்தில் மூட்டையுடன் காணப்பட்டார், விசாரித்து அனுப்பப்பட்டார்.

திரும்பி வரும்போது செயலாளர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். பிறகு, "வில் இளகல்னு முன்னாடியே தெரியுங்களா?" என்றார். தெரியும் என்றேன். "உறுப்பினர்களுக்குச் சொல்லணும். எழுதுங்க. எழுதினத நீங்களே கொண்டுபோய்ப் படிச்சிக் காட்டுங்க."

ரோடு திறந்ததும் கட்டுப்போட்ட விரலோடு வெள்ளிமலைக்குப் போனேன். கூட்டத்தில் நின்று, இந்தக் கத்தி குத்தினால் மடங்கும், இதை முன்பே எழுதாதது என் தப்பு என்று படித்தேன். படித்து முடிப்பதற்குள் பொன்னம்மா ஒரு கத்தியை எடுத்து விரித்து, முதுகில் கட்டைவிரலை வைத்து அழுத்தி, மடக்கிவிட்டாள்.

"எடுத்ததுமே தெரியுதேம்மா. நாங்க இழுத்து அறுக்கறவங்க, எதப் போய்க் குத்தப் போறோம்? இதுக்குப் போயா கைய அறுத்துகினீங்க?" என்றாள். முந்நூறும் அன்றைக்கே போயிற்று. அடுத்த வருஷத்துக்கு வில்லைக் கெட்டியாக்கித் தரச் சொல்லிப் பட்டறைக்காரரிடம் எழுத்தில் வாங்கினோம்.

ஒரு மாதம் கழித்து நிரந்தரப் பட்டியல் திரும்பி வந்தது. மாணிக்கத்தின் பெயருக்கு எதிரே கேள்விக்குறி. ஸ்டேஷன் நாட்குறிப்பில் ஒரு வரி இருக்கிறது, அன்று வேலையாகப் போனார் என்பதற்கு எழுத்தில் ஆணை எதுவும் இல்லை. வேலைக்கு வராமல் மறியலுக்குப் போனவர் என்று கொள்ளலாமா? நேர் மேலதிகாரியின் குறிப்பு தேவை. நேர் மேலதிகாரி நான்தான்.

அரைப் பக்கம் எழுதினேன். "நேர்மையானவர். பதினோரு ஆண்டுகளில் ஒரு புகாரும் இல்லை. எல்லாரும் ஓடியபோதும் ஓடாமல், சங்கத்தின் சொத்தைத் தன் உடம்பால் மறைத்துக் காத்தவர்." எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. செயலாளரிடம் நீட்டினேன். மூடியைக் கழற்றினார், படித்தார், பேனாவை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். ஆனால் இந்தத் தடவை மௌனமாக இல்லை.

"இதுலயும் எழுதாம வுட்டது ஏதாவது இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. வீட்டில் என் சம்பளத்தைத் தவிர வேறு வருமானம் இல்லை. சுற்றறிக்கையை மீறினேன் என்று என் கையாலேயே எழுதினால் வேலை போகலாம். எழுதாவிட்டால் மாணிக்கம் இன்னும் பதினோரு வருஷம் தினக்கூலி. அந்த ஒரு மாதமும் அவர் தினம் எனக்கு டீ வாங்கிவந்து வைத்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் என்னை அறுத்தது.

தாளைத் திரும்ப வாங்கி, கீழே எழுதினேன். "அன்று அவரை அனுப்பியது நான். சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்ட பிறகே அனுப்பினேன். அவர் வேண்டாமென்று சொன்னார். ஸ்டேஷனில் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நானும் அங்கே உண்மையைச் சொல்லவில்லை."

செயலாளர் படித்தார். "தெரியுங்க. எழுத்துல வரட்டும்னு இருந்தேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அதே கையோடு எனக்கு ஒரு மெமோவும் எழுதினார். ஒரு வருஷம் எனக்குச் சம்பள உயர்வு இல்லை. மாணிக்கத்துக்கு இரண்டாவது மாதம் ஆணை வந்தது.

ஆணை வந்த அன்று மாணிக்கம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு பொட்டலம் ஜிலேபியோடு கிடங்குக்கு வந்தார். பொட்டலத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"மேடம், நீங்க என்னப் பத்தி எழுதினத செயலாளர் சார் படிச்சிக் காட்டினார்ங்க. ஓடாம நின்னேன், ஒடம்பால மறைச்சேன்னு."

"ஆமா. அதுக்கு இன்னா?"

"நெழல்ல சம்மணம் போட்டு உக்காந்துகினே தூங்கிட்டேங்க. போலீஸ் வண்டி சத்தம் கேட்டதும் மொதல்ல எழுந்தது நான்தான். கால் மரத்துப் போயிருந்திச்சி. ஓடலாம்னு ஒரு அடி வெச்சேன், மூட்டை மேலயே உழுந்துட்டேன். அப்புறம் எழுந்திருக்க முடியல."

பிறகு ரொம்பக் கவலையாகக் கேட்டார்.

"இத செயலாளர் சார்கிட்ட சொல்லிடட்டுங்களா? எழுதாம வுட்டதா ஆயிடப் போவுது."

"ஆர்டரப் பத்திரமா மடிச்சிப் பையில வெச்சிகினு, நேரா வூட்டுக்குப் போங்க" என்றேன்.

மாணிக்கம் ஓய்வுபெற்றும் பல வருஷம் ஆகிறது. அவருக்குச் சேர வேண்டியது எல்லாம் பாக்கியில்லாமல் கைக்கு வந்துவிட்டதா என்று போன வாரம் அவரிடமே கேட்டு, வந்துவிட்டது என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் இந்தக் கடைசிப் பகுதியை எழுதினேன்.